பாலத்தை என்ன செய்தார்கள்?

பூலாம்பாடிக்கு ரயில் கிடையாது. பச்சைமலையை ஒட்டிய இந்தப் பேரூரிலிருந்து ரயிலேற வேண்டுமானால் ஆத்தூர்ப் பக்கம் போகவேண்டும், அல்லது பெரம்பலூரைக் கடந்து அரியலூர் வரை வரவேண்டும். மாவட்டத் தலைநகரான பெரம்பலூரிலேயே ரயில் நிலையம் இல்லை. ஆயினும் இந்த வட்டாரத்தின் முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஏதோ ஒரு திருப்பத்தில் பேச்சு ரயிலுக்கு வந்து சேரும். அது ஒரே ஒரு ரயில். 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி விடியலில் மருதையாற்றில் விழுந்த தூத்துக்குடி விரைவு வண்டி.

பூலாம்பாடியில் நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை நாம் பேசிக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான் நடந்தது. அந்த ஆண்டில் பள்ளிச் சிறுவனாக இருந்த பெரியவர், தாம் கேட்டவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, "அதுக்காக மந்திரி பதவியையே வுட்டுட்டுப் போனாருய்யா, இப்ப எவன் போவான்?" என்று முடித்தார். அவருடைய பேரன் சென்னையில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிபவன். அதுவரை வாய் திறக்காதிருந்தவன், "சரி தாத்தா, அவரு போனாரு. பாலத்த என்ன பண்ணாங்க?" என்று கேட்டான்.

திண்ணையில் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. அந்த ஒரு பாலத்தைக் குறித்து மட்டும் அவன் கேட்கவில்லை என்பது நமக்குப் பிறகுதான் உறைத்தது. தவறு நேர்ந்த பிறகு ஒரு சமூகம் எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதைத் திருத்துகிறது என்பதே அவன் கேள்வி. அதைத் தொடர்ந்து போனதன் விளைவு இக்கட்டுரை.

*

நடந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். சென்னை எழும்பூரிலிருந்து முந்தைய இரவு கிளம்பிய வண்டி அது. விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் அப்போது மீட்டர் பாதை. கடும் மழைக்காலம். பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளைக் கடந்து கொள்ளிடத்தில் சேரும் மருதையாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகக் கிடக்கும் ஆறு. அன்று அது கரைபுரண்டு ஓடியது. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வண்டி ஏறியபோது, வெள்ளத்தால் வலுவிழந்திருந்த பாலம் சரிந்தது. இஞ்சினும் முன்பகுதிப் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. மாண்டவர்கள் நூற்று நாற்பது பேருக்கும் மேல்.

அதே 1956இல், சில மாதங்களுக்கு முன்னர்தான், இன்றைய தெலங்கானாவிலுள்ள மகபூப்நகர் அருகே இதேபோல் ஒரு பாலம் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். அப்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் சாஸ்திரி மீண்டும் விலகல் கடிதம் தந்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். நடந்ததற்குச் சாஸ்திரி காரணர் என்பதால் அல்ல, அரசியல் சட்ட மரபில் இது ஒரு முன்னுதாரணமாக அமையவேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

தமிழ்நாட்டின் நினைவில் இந்நிகழ்ச்சி இரண்டு வடிவங்களில் தங்கிவிட்டது. ஒன்று, சாஸ்திரியின் பதவி விலகல். இன்றுவரை பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் ஒலிப்பது இதுதான். மற்றொன்று, அப்போது ரயில்வே துணையமைச்சராக இருந்த ஓ. வி. அழகேசனை அரியலூரோடு எதுகை மோனையாகக் கோத்து எழுந்த தேர்தல் முழக்கம். முதலாவது ஒரு மனிதரை உயர்த்தியது, இரண்டாவது ஒரு மனிதரைத் தாழ்த்தியது. இரண்டிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். பாலம் இல்லை.

*

தவறுக்கு மனிதனைத் தேடுவதா, முறையைத் தேடுவதா என்ற கேள்விக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அது தொடங்கியது ரயில் பாதையில் அல்ல, தொலைபேசித் தொழிற்சாலையில். 1924ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூவார்ட் என்ற பொறியாளர் தம் மேலாளருக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பை எழுதியனுப்பினார். அதில் ஒரு சிறு வரைபடம் இருந்தது. எந்த உற்பத்தியிலும் ஏற்ற இறக்கம் இருக்கவே செய்யும். அந்த ஏற்ற இறக்கத்தில் முறையின் இயல்பாலேயே நேர்வது எது, குறிப்பிட்ட ஏதோவொரு காரணத்தால் நேர்வது எது என்று பிரித்தறிய அந்தப் படத்தில் மேலும் கீழும் இரண்டு எல்லைக்கோடுகள் வரையப்பட்டிருந்தன. பிற்காலத்தில் கட்டுப்பாட்டு வரைபடம் என்று உலகெங்கும் வழங்கப்பட்டது இதுவே.

இந்தப் பிரிவினை எளிமையாகத் தோன்றும். அதன் விளைவோ பெரிது. முறையின் இயல்பால் நேரும் பிழைக்கு ஒரு தொழிலாளியைத் தண்டித்தால் பிழை குறையாது. அடுத்தவர் அதே இடத்தில் அதே பிழையைச் செய்வார். ஷூவார்டின் வழிவந்த எட்வர்ட்ஸ் டெமிங் இதைப் புரியவைக்கத் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டி நிறைய மணிகள். ஐந்தில் ஒன்று சிவப்பு, மற்றவை வெள்ளை. ஐம்பது குழிகள் கொண்ட ஒரு தட்டைப் பெட்டிக்குள் விட்டு எடுக்கவேண்டும். சிவப்பு மணி வந்தால் அது குறைபாடு. குறைவான சிவப்பு எடுத்தவரை டெமிங் பாராட்டுவார், அதிகம் எடுத்தவரைக் கடிந்துகொள்வார், பிறகு வேலையிலிருந்தும் நீக்குவார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிவப்பு மணிகளைப் பெட்டியில் கொட்டியது எடுத்தவர் அல்லவே. தம் அனுபவத்தில் கண்ட குறைபாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு முறையைச் சார்ந்தவை, அவற்றுக்கு நிர்வாகமே பொறுப்பு என்று டெமிங் 1986இல் வெளிவந்த தம் நூலில் மதிப்பிட்டார்.

டெமிங் 1950இல் ஜப்பானில் ஆற்றிய சொற்பொழிவுகளும், 1951இல் அவர் பெயரில் அங்கே நிறுவப்பட்ட பரிசும் பலரும் அறிந்தவை. அவருடைய ஆசானான ஷூவார்ட் அதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்திருந்தார் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். பி. சி. மகலனோபிசின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பில் 1947 இறுதியில் வந்து, 1948இன் தொடக்க மாதங்கள் வரை தங்கி, பல இடங்களில் விரிவுரையாற்றினார். நாடு விடுதலை பெற்றிருந்த முதற்சில மாதங்கள் அவை. 1950களில் அந்நிறுவனம் தரக்கட்டுப்பாட்டுக்கெனத் தனிப் பிரிவுகளையும் தொடங்கியது. ஆகவே மருதையாற்றில் பாலம் விழுந்தபோது, இந்தச் சிந்தனை இந்தியாவுக்கு அறிமுகமாகாத ஒன்றன்று. வந்திருந்தது, ஆனால் வெகுசில கட்டடங்களுக்குள்ளேயே இருந்தது.

*

இதையெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த நம் ஊர்களுக்கு இந்த அறிவு வேறொரு மொழியில் தெரிந்திருந்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரமும், இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கமும் இருக்கின்றன. பூலாம்பாடியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஏரியில்லாத ஊரைத் தேடவேண்டும்.

ஓர் ஏரிக்கு இரண்டு காவல் உண்டு. ஒன்று ஆள் காவல். மழைக்கால இரவுகளில் கரையில் நடந்து, மடையைத் திறந்து மூடி, கசிவு கண்டால் ஊரை எழுப்புபவர். நீர்கட்டி, மடையர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மற்றொன்று கலிங்கு, சில ஊர்களில் கலங்கல். ஏரி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் நீர் வந்தால், யாரும் விழித்திருந்தாலும் தூங்கினாலும், அது தானே வழிந்து வெளியேறும்படி கட்டிவைத்த கற்கட்டு. கலிங்கில்லாத ஏரியைக் கட்டிவிட்டு, கரை உடைந்த மறுநாள் காவல்காரனை மரத்தில் கட்டி அடிக்கும் ஊர் இருந்தால், அதன் அறிவைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? டெமிங்கின் சிவப்பு மணிகள் சொல்வதும் இதையே.

கலிங்கும் காவலும் இருந்தால் போதாது. இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றில் ஏரி வாரியம் என்ற குழு இருப்பதும், அதன் பதவிக்காலம் 360 நாள் என வரையறுக்கப்பட்டிருப்பதும், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினரும் அடுத்த தேர்வில் பெயர் சேர்க்கத் தகுதியற்றவர் என்று விதித்திருப்பதும் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையவை. ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்பதோடு அக்கல்வெட்டு நின்றுவிடவில்லை. கணக்கு வந்ததா என்றும் கேட்டது.

*

ரயில்வேயிலும் இவை மூன்றும் உண்டு. ஆற்றின் பெருவெள்ளத்துக்குப் போதுமான நீர்வழியோடு பாலத்தை அமைப்பதும், தூண்களின் அடியில் மண் அரிக்காதபடி அடித்தளத்தை ஆழப்படுத்துவதும் கலிங்கு போன்றவை. பாலத் தூணில் வெள்ளத்தின் அபாய மட்டத்தைச் சிவப்புப் பட்டையாகத் தீட்டிவைப்பதும், நீர் அந்த மட்டத்தைத் தொட்டால் வண்டிகளை நிறுத்துவதும் காவல். மழைக்கால ரோந்து மற்றொரு காவல். கையில் விளக்கோடும், தண்டவாளத்தில் பொருத்தினால் சக்கரம் ஏறும்போது வெடித்து ஓசையெழுப்பும் சிறு வெடிகளோடும், இரவெல்லாம் பாதையில் நடக்கும் ரோந்துப் பணியாளரை ரயிலில் உறங்கிச் செல்லும் நாம் பார்ப்பதில்லை.

அவர் நடப்பது மனம்போன போக்கில் அல்ல. எந்த நேரத்தில் எங்கே இருக்கவேண்டும், எந்தப் பயணி வண்டிக்குச் சற்று முன்பாக எந்தப் பகுதியைக் கடந்திருக்கவேண்டும் என்று கால அட்டவணையோடு பொருத்தி ஒரு வரைபடம் தயாரிக்கிறார்கள். தம் எல்லையின் முடிவில் அடுத்த ரோந்துக்காரரைச் சந்தித்து ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். அவர் வரவில்லையென்றால், ஏதோ நேர்ந்திருக்கிறது என்று கொண்டு இவரே மேற்கொண்டு நடக்கவேண்டும். தொழிற்பொறியியல் பாடநூல்கள் நேர ஆய்வு என்றும் பணி வரிசை என்றும் சொல்வதை நள்ளிரவு மழையில் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். இதில் நம்மை மிகவும் ஈர்த்தது வேறொன்று. ஊதியப் பட்டியலில் அடித்தட்டில் இருக்கும் அந்த மனிதருக்கு, ஆபத்தென்று தோன்றினால் யாரையும் கேட்காமல் ஒரு விரைவு வண்டியை நிறுத்தும் அதிகாரம் உண்டு. டொயோட்டா தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து ஓடும் உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்பதை மேலாண்மை நூல்கள் பெருவியப்போடு எழுதும். அந்தக் கயிறு நம் பாதையோரங்களிலும் இருந்திருக்கிறது.

ஏரிகளையும் ரயில்வே மறக்கவில்லை. உடைந்தால் பாதையைத் தாக்கக்கூடிய ஏரிகளுக்கென ஒரு பட்டியல் வைத்து, மழைக்கு முன்பாக மாநில அரசு அலுவலரோடு சேர்ந்து ஆய்வு செய்யவேண்டும் என்பது விதி. பாதை ரயில்வேயின் பொறுப்பு, ஏரி மாநிலத்தின் பொறுப்பு. தண்ணீருக்கு இந்த எல்லை தெரியாது என்பதை அந்த விதி புரிந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, கணக்குக் கேட்கும் ஏற்பாடு. ரயில்வே விபத்தை ரயில்வேயே விசாரித்துத் தீர்ப்புச் சொன்னால் எப்படி என்ற கேள்வி விடுதலைக்கு முன்பே எழுந்தது. 1941இல் ரயில்வே ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து விடுவித்தார்கள். 1961இல் அவ்வமைப்பு ரயில்வே பாதுகாப்பு ஆணையம் என்று பெயர் மாறியது. இன்றும் அது ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். கணக்கெழுதுபவரும் தணிக்கை செய்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பதே அதன் உட்பொருள்.

விதிகள் இருந்தும் பாலங்கள் ஏன் விழுகின்றன? விதி என்பது எழுதப்பட்ட நாளில் முழுமை பெறுவதில்லை. அதை நிறைவேற்றப் பணமும் ஆளும் வேண்டும், நிறைவேறுகிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கவும் வேண்டும். அரியலூருக்குப் பின் வந்த பல்லாண்டுகள் இந்தப் பொறுமையான வேலையின் வரலாறு. 1962இல் குன்ஸ்ரு குழு, 1968இல் வாஞ்சூ குழு, 1978இல் சிக்ரி குழு, 1998இல் நீதிபதி எச். ஆர். கன்னா குழு என்று ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. காலங்கடந்த பாதைகளையும் பாலங்களையும் புதுப்பிக்க 2001இல் 17,000 கோடி ரூபாயில் தனி நிதி ஒதுக்கப்பட்டது. 1960-61இல் 2131 ஆக இருந்த குறிப்பிடத்தக்க ரயில் விபத்துகள் 2000-01இல் 473 ஆகவும், 2023-24இல் 40 ஆகவும் குறைந்திருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. இந்தக் குறைவுக்குப் பின்னால் எந்தக் கதாநாயகரும் இல்லை. பேச்சுப் போட்டிகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை.

எண்களில் மயங்கிவிடவும் கூடாது. 2005 அக்டோபர் 29 அன்று, அப்போதைய ஆந்திரத்தின் வலிகொண்டா அருகே, திடீர் வெள்ளம் அரித்துச் சென்ற ஒரு சிறு பாலத்தில் டெல்டா பயணி வண்டி விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரியலூர் நடந்து நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே மழை, அதே இருள், அதே வகை விபத்து. விபத்துகள் வெறும் நாற்பது என்று கணக்குக் காட்டிய அதே 2023-24இல்தான், ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி தடம் மாறிச் சென்று நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. இறந்தவர்கள் 290க்கும் மேற்பட்டோர்.

பாலசோரில் நடந்தது நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. விபத்து நடந்த மறுநாளே சாஸ்திரியின் பெயர் மேடையேறியது. அமைச்சர் விலகவேண்டும் என்றனர் ஒரு சாரார். சில வாரங்களில் ரயில்வே ஊழியர் மூவர் கைது செய்யப்பட்டனர். மேலே ஒருவர், கீழே மூவர் என்று வழக்கம்போல் மனிதர்களைத் தேடினோம். பாதுகாப்பு ஆணையத்தின் அறிக்கையோ மற்றொன்றைச் சொன்னது. முந்தைய ஆண்டுகளில் சமிக்ஞை மின்சுற்றில் செய்த மாற்றம் முறையாகக் குறிக்கப்படாமல் கிடந்தது. 2022 மே மாதத்தில் வேறொரு நிலையத்தில், உயிரிழப்பின்றி, இதேபோன்ற வயரிங் தவறு நேர்ந்திருந்தது. அன்றே பாடம் கற்றுத் திருத்தியிருந்தால் பாலசோர் நேர்ந்திராது என்பதே அதன் சாரம். கரையில் கசிவு தெரிந்தது. ஊரை எழுப்பும் ஏற்பாடு இல்லை.

*

அப்படியென்றால் சாஸ்திரி விலகியது வீண்தானா? திண்ணையில் பேரனின் கேள்வியைக் கேட்டபோது நமக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. இப்போது அவ்வாறு நினைக்கவில்லை. முறைக்கு நிர்வாகமே பொறுப்பு என்ற டெமிங்கின் கூற்றை மீண்டும் பாருங்கள். 1956இல் சாஸ்திரி ஒரு பாதைப் பணியாளரையோ ஓட்டுநரையோ காட்டித் தப்பித்துக்கொள்ளவில்லை. முறையின் தலைமையில் இருப்பவனே முறைக்குப் பொறுப்பு என்று ஏற்றார். மேலாண்மை நூல்கள் இந்தியத் தொழிலதிபர்களுக்கு அறிவுறுத்தத் தொடங்குவதற்கு வெகுமுன்பே, அதன் முதல் பாதியை அவர் செய்துகாட்டினார். இரண்டாம் பாதி, பொறுப்பேற்ற பின் செய்யவேண்டிய வேலை. அதை விலகிச் சென்றவர் செய்யமுடியாது. மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்யவேண்டும். நாம் முதல் பாதியை வழிபட்டு, இரண்டாம் பாதியை மறந்தோம். பிழை அவருடையதன்று, நம் நினைவினுடையது.

அந்த இரண்டாம் பாதியைக் கற்றுக்கொண்ட இடங்களும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னையை அடுத்த பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, ஜப்பானியப் பேராசிரியர்களின் வழிகாட்டுதலில் பல ஆண்டுகள் உழைத்து, 1998இல் டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனமாயிற்று. 2002இல் டிவிஎஸ் மோட்டார், 2003இல் ரானே பிரேக் லைனிங்ஸ் என்று அவ்வரிசை நீண்டது. ஷூவார்ட் வந்துபோய் ஐம்பதாண்டுகளுக்குப் பின், ஜப்பானைச் சுற்றிக்கொண்டு அந்தச் சிந்தனை நம்மிடம் திரும்பி வந்தது. பூலாம்பாடிப் பேரனின் கேள்வி அத்தகைய தொழிற்கூடங்களில் பயின்ற கேள்வி. 'யார் செய்தது' என்று கேட்குமுன் 'எப்படி நேர்ந்தது, மீண்டும் நேராமல் என்ன செய்தோம்' என்று கேட்கும் பழக்கம் அங்கே அன்றாடம். ஒரு பிரேக் உதிரிப் பாகத்துக்குக் கிடைக்கும் இந்த மரியாதையை, ஓர் ஆற்றுப்பாலமும் ஓர் ஏரிக்கரையும் ஒரு மருத்துவமனையும் நம் பொதுவாழ்வில் பெறவேண்டாமா?

கார்டு லைன் இன்று அகலப் பாதை, இரட்டைப் பாதை, மின்பாதை. மருதையாற்றை வண்டிகள் சில நொடிகளில் கடந்துவிடுகின்றன. பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் மாவட்டம் மீண்டும் உருவான நாள் 2007 நவம்பர் 23. விபத்தின் நாளும் மாவட்டத்தின் நாளும் ஒன்றாகிவிட்டன. அந்த நாளில் இனி சாஸ்திரியை நினைப்பவர்கள் இன்னொன்றையும் செய்யலாம். தங்கள் ஊர் ஏரியின் கலிங்கு தூர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை நடந்துபோய்ப் பார்க்கலாம். நவம்பர் மழைக்கு அது சற்றுத் தாமதம்தான். அடுத்த ஆண்டு ஆவணியிலேயே போய்ப் பார்க்கவேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்ளலாம்.